தடைக்குள் எடுக்கப்பட்ட ஈரானியப் படங்கள்: கட்டுப்பாடுதான் அந்தக் கலையைப் பிறப்பித்ததா?

கேள்வி: கடைசி வரிசை

எங்கள் ஊரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஒரு டுடோரியல் கல்லூரியின் மாடி அறையை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இரவல் வாங்கி, மாதம் ஒரு வெளிநாட்டுப் படத்தைத் திரையிட்டு வருகிறோம். சென்ற மாதம் ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹியின் 'டாக்ஸி' (2015) படத்தைத் திரையிட்டோம். படம் முடிந்து திரை கறுத்த பிறகும் பெயர்ப் பட்டியல் வராததால், கோப்புதான் பழுதாகிவிட்டதென்று எண்ணி நான் கணினியை நோக்கி எழுந்துவிட்டேன். அதற்குள் திரையில் சில வரிகள் தோன்றின. திரையிடத் தகுந்த படங்களின் பெயர்ப் பட்டியலுக்கு அமைச்சகம் ஒப்புதல் அளிக்கும் என்றும், இந்தப் படத்துக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை என்றும் அவை கூறின. அறையில் இருந்த முப்பது பேரும் சிறிது நேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு நடந்த விவாதத்தில், எங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னார். சொல்ல வந்ததை வெளிப்படையாகச் சொல்லாமல் மரம், பறவை, நிலம் ஆகியவற்றுக்குள் பொதிந்து வைப்பதை உள்ளுறை என்று நம் இலக்கணம் பெருமைப்படுத்துகிறது என்றும், ஈரானியர்கள் செய்வதும் அதுவே என்றும், அந்த அரசு இவர்களை இவ்வளவு நெருக்கியிராவிட்டால் இந்தக் கலை பிறந்தே இருக்காது என்றும் அவர் வாதிட்டார். பாதிப் பேர் அதை ஏற்றுக்கொண்டார்கள். என்னால் முழுமையாக ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

ஆகவே இங்கு கேட்கிறேன். அந்த நாட்டில் ஒரு படத்தை எடுப்பவர் எந்தெந்த விதிகளைக் கடக்க வேண்டும்? இருபது ஆண்டுகள் படமே எடுக்கக் கூடாது என்று 2010இல் தண்டிக்கப்பட்ட பனாஹி, அந்தத் தடைக் காலத்துக்குள்ளேயே ஐந்து முழுநீளப் படங்களை எப்படி எடுத்து முடித்தார்? அரசு கண்டும் காணாமல் இருந்துவிட்டதா? ஆசிரியர் ஐயா சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? அடுத்து எந்தப் படத்தைத் திரையிடலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பட்டறை

முதலில் விதிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றை அறியாமல் பார்த்தால் இந்தப் படங்களின் பாதி அழகு வெறும் விருப்பத் தேர்வாகத் தோன்றிவிடும்.

ஈரானில் திரைப்படம் பண்பாடு மற்றும் இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பேச்சு வழக்கில் அதை 'எர்ஷாத்' என்பார்கள். வழிகாட்டல் என்பதே அந்தச் சொல்லின் பொருள். கதைவசனத்தைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும், தயாரிப்பு உரிமம் பெற வேண்டும், படம் முடிந்த பிறகு திரையிடல் உரிமமும் பெற வேண்டும். நம்முடைய தணிக்கை வாரியம் எடுத்து முடித்த படத்தின் மீதுதான் கை வைக்கிறது. அங்கே படம் எண்ணமாக இருக்கும்போதே அலுவலகம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இது 1979 புரட்சியோடு தொடங்கியதும் அல்ல. ஷா மன்னரின் ஆட்சியில் தாரியுஷ் மெஹர்ஜுயி 1969இல் அரசுப் பணத்திலேயே எடுத்த 'பசு' படம், ஈரானியக் கிராமத்தின் வறுமையைக் காட்டிவிட்டது என்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டது. கதை அந்த ஆட்சிக்கு முற்பட்ட காலத்தில் நடப்பதாக ஒரு குறிப்பைச் சேர்க்கும்படி ஆயிற்று. 1971இல் அந்தப் படம் இரகசியமாக வெனிஸ் விழாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விமர்சகர்களின் பரிசைப் பெற்றது. படச்சுருளைக் கடத்திச் செல்வது என்ற வழக்கத்துக்கு அங்கே அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வயது உண்டு.

புரட்சிக்குப் பின் வந்த விதிகளுள் படத்தின் வடிவத்தையே மாற்றியது முக்காடு பற்றிய விதி. பார்வையாளர் அந்நிய ஆடவர் என்று கருதப்படுவதால், கதைப்படி ஒரு பெண் தன் வீட்டில், தன் கணவனோடு தனித்திருந்தாலும் முக்காட்டோடுதான் திரையில் வர வேண்டும். நடிகரும் நடிகையும் தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதால், போரிலிருந்து திரும்பிய மகனைத் தாய் கட்டிப்பிடித்து அழும் காட்சியைக்கூட எடுக்க முடியாது. தூங்கி எழும் பெண்ணை முக்காட்டோடு காட்டுவது அப்பட்டமான பொய் என்று கருதிய அப்பாஸ் கியாரோஸ்தமி, வீட்டின் உட்புறத்தையே பெரும்பாலும் தவிர்த்துவிட்டார். அவருடைய மனிதர்கள் மலைப்பாதையில் நடப்பதற்கும் காரில் பேசிக்கொண்டே போவதற்கும் இதுவும் ஒரு காரணம். கார் ஒரு விந்தையான இடம்: உள்ளே இருப்பவர் தனிமையில் பேசுகிறார், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர் தெருவில்தான் இருக்கிறார். அங்கே முக்காடு பொய்யாகத் தெரிவதில்லை. அவருடைய 'பத்து' (2002) முழுவதும் காருக்குள்ளேயே நடக்கிறது.

சிறுவர்களை மையமாக வைத்த படங்கள் பெருகியதற்கும் இதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அதை ஓரளவுக்குத்தான் ஏற்கலாம். 'கானூன்' என்று அழைக்கப்படும் சிறுவர், இளைஞர் அறிவு வளர்ச்சி நிறுவனம் 1965இலேயே தொடங்கப்பட்டது. கியாரோஸ்தமி தன் முதல் குறும்படத்தை 1970இல் அங்குதான் எடுத்தார். அதாவது சிறுவர் படம் என்ற வழி தடைக்கு முன்பே இருந்தது, தடை வந்த பிறகு அதில் நெரிசல் கூடியது. பனாஹியும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். ஒரு சிறுமி தங்கமீன் வாங்கப் போகும் கதையான 'வெள்ளை பலூன்' 1995இல் கான் விழாவில் முதற்பட இயக்குநருக்கான தங்கக் கேமரா விருதைப் பெற்றது. 2000இல் சிறுமிகளை விட்டு வயதுவந்த பெண்களிடம் சென்று 'வட்டம்' எடுத்தார்; வெனிஸ் விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் கிடைத்தது, ஈரானில் தடை கிடைத்தது. ஆண்களின் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க ஆண் வேடமிட்டு மைதானத்துக்குள் நுழைய முயலும் பெண்களைப் பற்றிய 'ஆஃப்சைடு' (2006) படத்தை, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஈரானும் பஹ்ரைனும் மோதிய உண்மையான ஆட்டத்தின்போதே தெஹ்ரான் மைதானத்தில் எடுத்தார். அதுவும் அங்கே வெளியாகவில்லை. திருட்டு டிவிடியாக வீடு வீடாகச் சென்றது.

அரசு கண்டும் காணாமல் இருந்ததா என்று கேட்டீர்கள். உரிமம், திரையரங்கு, கடவுச்சீட்டு ஆகிய மூன்றும் அரசின் கையில் இருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமரா ஒவ்வொன்றும் அதன் கையில் இல்லை. 2010 டிசம்பரில் பனாஹிக்கு ஆறு ஆண்டுச் சிறையும், படம் இயக்கவும் திரைக்கதை எழுதவும் நேர்காணல் தரவும் நாட்டை விட்டு வெளியேறவும் இருபது ஆண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. சிறைத் தண்டனையை உடனே நிறைவேற்றாமல் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கவிட்டார்கள். எப்போது விழும் என்று தெரியாமல் இருப்பதே அந்தக் கத்தியின் வேலை. 2022 ஜூலையில், கைது செய்யப்பட்ட சக இயக்குநர் முகமது ரசூலோஃப் குறித்து விசாரிக்க எவின் சிறைக்குச் சென்ற பனாஹியை அங்கேயே பிடித்து வைத்து, பன்னிரண்டு ஆண்டுப் பழைய தண்டனையை இப்போது அனுபவி என்றார்கள். 2023 பிப்ரவரியில் உண்ணாவிரதம் தொடங்கிய பிறகே அவர் வெளியே வந்தார். இதைக் கண்டும் காணாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுமொழி: உப்புக்காற்று

ஆசிரியர் ஐயாவின் மீது மரியாதை வைத்தே மறுக்கிறேன்.

உள்ளுறை புலவன் விரும்பி எடுத்துக்கொண்ட மரபு. கபிலரின் கதவைத் தட்டி, வெளிப்படையாக எழுதினால் உம்மைச் சிறையில் அடைப்போம் என்று எவரும் சொல்லவில்லை. அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சூட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பாடியவர் பெயரைக் குறிக்க அதில் எந்தத் தடையும் இல்லை. ரசூலோஃபின் 'கையெழுத்துப் பிரதிகள் எரிவதில்லை' (2013) படத்தில் இது தலைகீழாக இருக்கிறது. கதைமாந்தருக்குப் பெயர் உண்டு, நடித்தவர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் பெயர் இல்லை. அவர்களைக் காப்பதற்காகப் பட்டியலே மறைக்கப்பட்டது. இந்த இரண்டு பெயரின்மைகளையும் ஒரே தட்டில் வைத்து ரசிப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடக்குமுறையால் கலை பிறந்தது என்று சொல்பவர்கள் பிறந்த படங்களை மட்டுமே எண்ணுகிறார்கள். பஹ்ராம் பெய்ஸாயியை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் பெற்றோரை இழந்து வடக்கே ஓடிவரும் கரிய நிறச் சிறுவனை, மொழி புரியாத கிலான் கிராமத்துப் பெண் ஒருத்தி தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்ளும் 'பாஷு' என்ற அவருடைய படம், எடுக்கப்பட்டுச் சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து 1989இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் அவர் எடுத்த 'தாராவின் பாடல்', 'யஸ்தகெர்தின் மரணம்' ஆகிய இரண்டும் தடை செய்யப்பட்டன. கடைசியில் அவர் 2010இல் நாட்டை விட்டே போனார். 'பாஷு'வில் அந்தத் தாயாக வந்து, வயலுக்குள்ளிருந்து எழுந்து கேமராவை நேராக வெறித்துப் பார்க்கிறாரே, சுசன் தஸ்லிமி, அவரும் எண்பதுகளின் இறுதியில் ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். 'ஓடுபவன்' எடுத்த அமீர் நாதெரி அமெரிக்காவுக்குப் போனார். இவர்கள் தம் மண்ணில், தம் மொழியில், முப்பது ஆண்டுகள் தடையின்றி வேலை செய்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். அண்மைக்காலப் படங்கள் உள்ளுறையைக் கைவிட்டுவிட்டன. 'எனது விருப்பமான கேக்' (2024) எழுபது வயதுக் கைம்பெண் ஒருவர் தன் வீட்டில் முக்காடு இல்லாமல் நடமாடுவதை, ஒரு கோப்பை ஒயின் அருந்துவதை, ஓர் ஆண் துணையைத் தேடுவதை நேரடியாகக் காட்டுகிறது. அதை இயக்கிய மர்யம் மொகத்தம், பெஹ்தாஷ் சனாயிஹா இருவரின் கடவுச்சீட்டுகளும் பறிக்கப்பட்டதால், பெர்லின் விழாவில் தங்கள் படத்தை அவர்களால் பார்க்க முடியவில்லை. 2025இல் கான் விழாவின் தங்கப் பனையைப் பெற்ற பனாஹியின் 'அது ஒரு விபத்து மட்டுமே' படமும் எதையும் பொதிந்து வைக்கவில்லை. சிறையில் தங்களை வதைத்தவன் இவன்தானா என்று, செயற்கைக் காலின் ஓசையை மட்டும் வைத்து ஐயுறும் முன்னாள் கைதிகளின் கதை அது. கதைவசனத்துக்கு ஒப்புதல் கேட்பதையே அவர் தவிர்த்தார். 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி காவலில் இறந்த பின் தெருவில் பெண்கள் முக்காட்டைக் கழற்றினார்கள், படங்களும் கழற்றின. நெருக்கடிதான் உள்ளுறையைத் தந்தது என்றால், நெருக்கடி முற்றியபோது உள்ளுறை இன்னும் அடர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறானது.

விலையை இயக்குநர் மட்டும் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'புனித அத்திமரத்தின் விதை' படத்துக்காக 2024இல் கான் விழாவுக்கு வந்தபோது ரசூலோஃப், எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனையிலிருந்து தப்பி மலைகளைக் கால்நடையாகக் கடந்து வந்திருந்தார். செங்கம்பளத்தில் அவர் கையில் இரண்டு புகைப்படங்கள் இருந்தன: படத்தின் முக்கிய நடிகர்களான மிசாக் சாரே, சொஹைலா கொலெஸ்தானி ஆகியோருடையவை. அவர்களால் ஈரானை விட்டு வர இயலவில்லை. நாம் இங்கே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நெருக்கடி நல்லது என்று பேசுகிறோம்.

மறுமொழி: கீழ்வரி

உப்புக்காற்று அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தில் ஒரு நுட்பமான விஷயம் நழுவிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தடை கலையைப் பிறப்பிக்கவில்லை, சரி. ஆனால் பனாஹி தடையை வெளியே இருக்கும் சுவராக மட்டும் கருதாமல், படத்துக்குள் ஒரு கதைமாந்தராகவே கூட்டிவந்துவிட்டார். அதை வேறு எவரும் இவ்வளவு தெளிவாகச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் திரையிட்ட 'டாக்ஸி'யிலேயே அதற்குச் சிறந்த சான்று இருக்கிறது. பனாஹியே ஓட்டுநராக வரும் அந்த டாக்ஸியில், பள்ளியிலிருந்து திரும்பும் அவருடைய மருமகளான சிறுமி ஹனா, தான் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் என்றும், அது திரையிடத் தகுந்ததாக இருக்க ஆசிரியை தந்த விதிகள் இவை என்றும் குறிப்பேட்டைப் பார்த்து வாசிக்கிறாள். பெண்கள் முக்காடு அணிய வேண்டும். ஆணும் பெண்ணும் தொடக் கூடாது. நல்லவர்கள் கழுத்துப் பட்டை அணியக் கூடாது. நல்லவர்களுக்குப் பாரசீகப் பெயர்களைத் தவிர்த்துப் புனிதர்களின் பெயர்களை வைக்க வேண்டும். அரசியல், பொருளாதாரச் சிக்கல்களைப் பேசக் கூடாது. பார்வையாளர் சிரிக்கிறார். சிறிது நேரம் கழித்து, காரில் தனியாக இருக்கும் ஹனா தன் சிறிய கேமராவால் தெருவில் ஒரு மணமக்களைப் படம் பிடிக்கிறாள். மணமகன் தவறவிட்ட பணத்தை, குப்பை பொறுக்கும் சிறுவன் ஒருவன் எடுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான், அவளுடைய படம் கெட்டுவிட்டது! சன்னல் வழியே அவனை அழைத்து, பணத்தைத் திருப்பிக் கொடு, நீ கொடுப்பதை நான் எடுத்துக்கொள்கிறேன், அப்போதுதான் இது திரையிடத் தகுந்த படமாகும் என்று அவள் மன்றாடுகிறாள். அவனுக்கோ பணம் தேவை. காட்சி அவள் விரும்பியபடி அமைவதில்லை.

தணிக்கை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பற்றி நூறு பக்கக் கட்டுரை எழுதினாலும் இந்த மூன்று நிமிடத்துக்கு ஈடாகாது. விதி முதலில் படத்தைத் திருத்துகிறது. அது போதாதபோது வாழ்க்கையையே திருத்தி நடிக்கச் சொல்கிறது. அதையும் ஒரு கெட்ட அதிகாரி சொல்லவில்லை, நமக்குப் பிடித்துப்போன ஒரு சுட்டிப் பெண் சொல்கிறாள். அந்தச் சிறுமிதான் பெர்லின் விழா மேடையில் மாமாவுக்குப் பதிலாக அவ்விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியை வாங்கிக்கொண்டு அழுதவள்.

அடுத்த திரையிடலுக்கு 'இது திரைப்படம் அல்ல' (2011) படத்தைப் பரிந்துரைக்கிறேன். மேல்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருக்கும் பனாஹி, தன் அடுக்குமாடி வீட்டில் காலை உணவு உண்கிறார், வழக்கறிஞரோடு தொலைபேசியில் பேசுகிறார், வீட்டில் வளரும் இக்வானா என்ற பெரிய ஓணானுக்கு இரை கொடுக்கிறார். நண்பர் மொஜ்தபா மிர்தாமஸ்ப் வந்து கேமராவை இயக்குகிறார். இயக்கக் கூடாது, எழுதக் கூடாது என்றுதான் தீர்ப்பு. முன்பே எழுதியதை வாசிக்கக் கூடாது என்று அதில் இல்லை. எனவே அனுமதி மறுக்கப்பட்ட தன் திரைக்கதையை அவர் வாசித்துக் காட்டத் தொடங்குகிறார். கலைக்கல்லூரியில் இடம் கிடைத்தும் பெற்றோரால் அறையில் பூட்டப்பட்ட ஒரு பெண்ணின் கதை அது. வரவேற்பறைக் கம்பளத்தின் மேல் ஒட்டுநாடாவால் கோடு போட்டு, இது அவள் அறை, இது சன்னல், இது படிக்கட்டு என்று காட்டுகிறார். சற்று நேரத்தில் தொண்டை அடைத்து நிறுத்திவிடுகிறார். படத்தை வாயால் சொல்லிவிடலாம் என்றால் எதற்காக எடுப்பது என்ற கேள்வியோடு எழுந்து போய்விடுகிறார்.

ஓரிடத்தில் பழக்கத் தோஷத்தால் 'கட்' என்று சொல்லிவிடுகிறார். நீங்கள் இயக்கவில்லை, அப்படிச் சொல்வது குற்றம் என்று மிர்தாமஸ்ப் நினைவூட்டி, கேமராவை நிறுத்தாமல் தொடர்கிறார். எங்கள் வீட்டில் பார்த்தவர்கள் அனைவரும் அந்த இடத்தில் சிரித்தோம். அதே 2011 செப்டம்பரில் மிர்தாமஸ்ப் கைது செய்யப்பட்டார் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

இந்தப் படம் ஒரு கேக்குக்குள் மறைத்து வைத்த பென் டிரைவில் கான் விழாவுக்குப் போனது என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். சுவையான கதைதான், ஆனால் கேக்கைப் பற்றிப் பேசுபவர்களில் பலர் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. ஈரானியப் புத்தாண்டுக்கு முந்தைய செவ்வாய் இரவில் மக்கள் தெருக்களில் தீமூட்டித் தாண்டும் 'சஹார்ஷன்பே சூரி' நாள் அது. வெளியே வெடியோசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. குப்பை எடுக்க வரும் இளைஞனோடு பேசியபடி, கேமராவைத் தானே கையில் எடுத்துக்கொண்டு பனாஹி லிஃப்டில் இறங்குகிறார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கிறது, மூடுகிறது. கீழே வாசற்கதவுக்கு அப்பால் நெருப்பு. கேமராவோடு வெளியே வராதீர்கள், பார்த்துவிடுவார்கள் என்று அந்த இளைஞன் எச்சரிக்கிறான். படம் கதவுக்கு உட்புறமே நின்றுவிடுகிறது. முடிவில் 'இயக்கம்' என்ற சொல்லே வருவதில்லை, இருவரின் 'முயற்சி' என்று மட்டுமே போடுகிறார்கள். நன்றிப் பட்டியலில் பெயர்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

மறுமொழி: மனுதாரர்

நம் நாட்டோடு ஒப்பிட்டு ஒரு சிறு குறிப்பு மட்டும் தருகிறேன். விவாதத்தைத் திசைதிருப்ப விரும்பவில்லை. எடுத்த படத்தைத் திரையிடும் முன் தணிக்கை செய்வது இங்கும் சட்டப்படி செல்லும் என்று 1970இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. போராட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தப் படத்தின் கருத்தை ஏற்காதவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு பயன்படும். பனாஹி போன்றவர்களுக்கு எதிரில் நிற்பது தணிக்கை அலுவலகம் மட்டுமல்ல, புரட்சி நீதிமன்றமும்தான். நமக்கு இருக்கும் மேல்முறையீட்டு வழிகள் குறைந்துகொண்டு வருகின்றன என்பதையும் (2021இல் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது) மறந்துவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் பதில்: கடைசி வரிசை

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை ஆசிரியர் ஐயாவின் வீட்டுக்குச் சென்று இந்தப் பதில்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கபிலரின் கதவைத் தட்டவில்லை என்ற வரியில் அவர் சிரித்துவிட்டார். பிறகு, தான் சொன்ன ஒப்புமை பார்ப்பவனின் அனுபவத்துக்குப் பொருந்தும், எடுப்பவனின் நிலைக்குப் பொருந்தாது என்று திருத்திக்கொண்டார். ஆனால் முழுவதும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. காரைப் பற்றி பட்டறை அவர்கள் எழுதியதைக் காட்டி, அந்த வடிவம் தடையால் வந்ததுதானே என்று கேட்டார். வந்ததுதான், ஆனால் 'பத்து' படத்தின் பெண் ஓட்டுநருக்கு ஒரு வீடும் வாய்த்திருந்தால் கியாரோஸ்தமி எங்கே போயிருப்பார் என்பது நமக்குத் தெரியாது என்று சொன்னேன். அதோடு தேநீர் வந்துவிட்டது.

2022 டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவில் விருது பெறவிருந்த ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகமதி, வர இயலாத நிலையில் தன் தலைமுடியைக் கத்தரித்து அனுப்பினார் என்பதையும், கிரேக்க இயக்குநர் அதீனா ரேச்சல் சங்காரி அதை மேடையில் உயர்த்திக் காட்டினார் என்பதையும் ஐயாதான் நினைவுபடுத்தினார். நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

அடுத்த மாதம் 'இது திரைப்படம் அல்ல' என்று முடிவு செய்துவிட்டோம். அறிவிப்பில் 'இயக்கம்' என்ற இடத்தில் 'முயற்சி' என்றே அச்சிடுகிறோம். ஒரு சிக்கல் மட்டும் உள்ளது: கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கில சப்டைட்டிலைத் தொடர்ந்து வாசிப்பது கடினம். தமிழில் எவரிடமாவது உண்டா?

மறுமொழி: கீழ்வரி

அந்தப் படத்துக்கு நான் செய்து வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தின் வழியாகச் செய்ததுதான், ஆயினும் பாரசீகம் அறிந்த நண்பர் ஒருவர் ஒருமுறை பார்த்துத் தந்தார். திரையிடலுக்கு ஒரு வாரம் முன்பு தனிச்செய்தியில் கேளுங்கள், கோப்பை அனுப்பிவிடுகிறேன். வழக்கறிஞரோடு பேசும் பகுதியில் சட்டச் சொற்களை மட்டும் மனுதாரர் அவர்கள் சரிபார்த்துத் தந்தால் நன்று.

'டாக்ஸி'க்கும் செய்யத் தொடங்கி ஒரே ஒரு சொல்லில் மூன்று வாரமாக நிற்கிறேன். ஹனாவின் பட்டியலில் தவிர்க்க வேண்டியவற்றுள் 'சியாஹ் நமாயி' என்று ஒன்று வருகிறது. அதற்கு என்ன பொருள் என்று அவளே மாமாவிடம் கேட்கிறாள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கறுப்பாகக் காட்டுதல்'. நாட்டின் வறுமையை, வன்முறையை, நம்பிக்கையின்மையைப் படத்தில் காட்டுபவர் மீது அதிகாரிகள் சுமத்தும் குற்றம் அது. ஆங்கிலத்தில் இழிந்த யதார்த்தம் என்ற பொருளில் ஏதோ போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். தமிழில் என் கை முதலில் எழுதிய சொல் 'இருட்டடிப்பு'. எழுதிய பிறகுதான் உறைத்தது. நமக்கு இருட்டடிப்பு என்றால் நடந்ததை வெளியே தெரியாமல் மறைப்பது. அங்கே கறுப்பாகக் காட்டுவது என்றால் மறைத்து வைத்ததை வெளியே காட்டுவது. ஒன்று அதிகாரி செய்வது, மற்றது அவர் பிறர் மீது சுமத்துவது. இப்போதைக்கு 'இருளைக் காட்டுதல்' என்று போட்டு வைத்திருக்கிறேன். பத்து வயதுச் சிறுமி குறிப்பேட்டிலிருந்து தட்டுத்தடுமாறி வாசிக்கும் ஓர் அலுவலகச் சொல்லாக அது ஒலிக்கவில்லை. ஆசிரியர் ஐயாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?